ஒரே ஜாஸ் இசைத்தட்டுக்கு ஏன் இத்தனை விலை?

அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜோன் கோல்ட்ரேனின் ‘புளூ டிரெய்ன்’ ஆல்பத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். கோல்ட்ரேன் ஏதோ யோசனையில் ஆழ்ந்திருக்கும் அதே நீல அட்டைதான் எல்லாரிடமும் இருக்கும். ஒருவர் அதை ஒரு சோடிச் சப்பாத்தின் விலைக்கு விற்பார். இன்னொருவர் மோட்டார் சைக்கிள் விலை கேட்பார். இரண்டிலும் இருப்பவை 1957 செப்டெம்பர் 15ஆம் திகதி பதிவான அதே ஐந்து உருப்படிகள். பிறகு எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்?

அந்தத் தட்டு எப்போது, எங்கே, எதிலிருந்து அச்சானது என்பதிலிருந்து வருகிறது. சேகரிப்பவர்கள் இதை ‘பிரஸ்ஸிங்’ என்பார்கள். நான் இங்கே அச்சு என்றே எழுதுகிறேன். திருகோணமலையில் இருந்துகொண்டு ஜாஸ் தட்டு சேர்க்கத் தொடங்குபவர் இந்த அச்சு விவகாரத்தைக் கொஞ்சம் படித்துக்கொள்வது நல்லது. கடையில் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்கும் வசதி நமக்கு இல்லை. தட்டு கடல் கடந்து பார்சலில் வரும். தபாற்செலவு, சுங்கவரி எல்லாம் சேரும். வந்தது வேறு அச்சு என்றால் திருப்பி அனுப்பும் செலவிலேயே இன்னொரு தட்டு வாங்கிவிடலாம்.

நம் வீடுகளில் பழைய தட்டுகள் இல்லாமல் இல்லை. ரேடியோகிராம் இருந்த வீடுகளில் எம்.எஸ்., சீர்காழி, நாதஸ்வரம் என்று ஒரு கட்டு எங்காவது அலுமாரி அடியில் கிடக்கும். ஜாஸும் இந்தத் தீவுக்குப் புதியதல்ல. 1958இல் டேவ் புரூபெக்கும் 1963இல் டியூக் எலிங்டனும் அமெரிக்க அரசின் கலாசாரப் பயணங்களில் இலங்கை வந்து வாசித்தவர்கள்தான். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க ஜாஸ் தட்டுகளின் முதல் அச்சு நம் ஊர் அலுமாரியில் கிடைக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

நாடாவிலிருந்து தட்டு வரை

1950களில் ஜாஸ் காந்த நாடாவில் பதிவானது. கலைஞர்கள் வாசித்து முடித்ததும் கையில் இருப்பது அந்த நாடா ஒன்றுதான். அதை ஓடவிட்டு, வெட்டும் இயந்திரம் ஒன்றை அந்த ஒலியால் இயக்குவார்கள். அலுமினிய வட்டின்மேல் லேக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சு இருக்கும். இயந்திரத்தின் சூடான ஊசி அதில் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே நீளமான சுருள் பள்ளத்தை வெட்டிக்கொண்டே போகும்.

லேக்கர் மிருதுவானது, அதை வைத்து அச்சிட முடியாது. ஆகவே அதன்மேல் வெள்ளியைத் தெளித்து, மின்முலாம் முறையில் நிக்கலைப் படியவிட்டு, அந்த உலோகத்தை உரித்தெடுப்பார்கள். பள்ளம் இருந்த இடத்தில் இப்போது மேடு இருக்கும். இதற்கு ‘ஃபாதர்’ என்று பெயர். அதன்மேல் மறுபடி நிக்கலைப் படியவிட்டு உரித்தால் ‘மதர்’, அதிலிருந்து அதே முறையில் எடுப்பது ‘ஸ்டாம்பர்’. ஸ்டாம்பர்தான் அச்சு இயந்திரத்தில் ஏறும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்டாம்பர், நடுவே சூடான வினைல் கட்டி, மேலும் கீழும் லேபிள். அழுத்தி, குளிரவைத்து, விளிம்பை நறுக்கினால் தட்டு. லேபிளுக்குப் பசைகூட இல்லை, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டிக்கொள்வதுதான்.

ஒரு ஸ்டாம்பர் பொதுவாக ஆயிரம் சொச்சம் தட்டுகள் வரை தாங்கும். பழைய அச்சகத்தில் ஈய எழுத்துகள் தேய்ந்து மை பிசிறுவதுபோல, ஸ்டாம்பர் தேயத் தேய நுணுக்கமான ஒலிகள் மழுங்கும். அப்போது மதரிலிருந்து புதிய ஸ்டாம்பர் எடுப்பார்கள். உலோகப் படிவங்களும் பழுதாகிவிட்டால் திரும்ப நாடாவுக்கே போய் புதிய லேக்கர் வெட்ட வேண்டும்.

இந்த இடத்தைத்தான் வடிவாகக் கவனிக்க வேண்டும். லேக்கர் வெட்டுபவர் நாடாவை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவதில்லை. பேஸ் என்ற தாழ்ந்த ஒலி கூடினால் பள்ளம் அகலமாக ஆடும், பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். உச்ச ஒலிகள் கூடினால் மலிவான பிளேயரின் ஊசி தடுமாறும். தட்டின் நடுப்பகுதிக்கு வரவர ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகமும் குறைகிறது. வெளி ஓரத்தில் வினாடிக்கு 50 சென்ரிமீற்றரை ஒட்டி இருந்த வேகம் கடைசிப் பாட்டில் பாதிக்கும் கீழே வந்துவிடும். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எவ்வளவு உரக்க வெட்டுவது என்று அவர்தான் தீர்மானிக்கிறார். ஆக, அதே நாடாவை 1958இல் ஒருவரும் 2022இல் இன்னொருவரும் வெட்டினால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. இரண்டு அச்சுகளை ஒப்பிடும்போது உண்மையில் நாம் ஒப்பிடுவது இந்த இரண்டு மனிதர்களின் தீர்மானங்களை. மிச்சம் வினைலின் தரமும் நாடாவின் வயதும்.

இனி மூன்று சொற்கள் போதும். ஆல்பம் முதன்முதலில் வெளியானபோது அச்சானது முதல் அச்சு. அதே நிறுவனம் கொஞ்ச நாளில், பெரும்பாலும் அதே உலோகப் படிவங்களை வைத்து, மறுபடி அடித்தது மறுஅச்சு. வருடங்கள் கழித்து, புதிதாக வெட்டிய லேக்கரோடு, சில வேளை வேறு நிறுவனத்தின் பெயரிலும் வருவது மறுவெளியீடு. விற்பவர்கள் இந்த மூன்றையும் தாராளமாகக் குழப்புவார்கள். அதில் சிலர் தெரிந்தே குழப்புவார்கள்.

தட்டில் எழுதியிருப்பதை வாசிப்பது

கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே மினுமினுப்பான வெற்று வளையம் ஒன்று இருக்கும். ‘டெட் வாக்ஸ்’ என்பார்கள். லேக்கர் வெட்டும்போதும் உலோகப் படிவம் எடுக்கும்போதும் இதில்தான் எண்களும் எழுத்துகளும் கீறுவார்கள். அட்டை மாறலாம், லேபிளும் மாறலாம், ஆனால் இந்தக் கீறல் பொய் சொல்வது அரிது. தட்டைக் காலை வெயில் விழும் யன்னலோரம் சாய்த்துப் பிடியுங்கள், அல்லது டோச் லைட்டைப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக விழுந்தால் எழுத்து எழுந்து நிற்கும்.

ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். புளூ நோட் 1939இல் தொடங்கிய நியூயோர்க் நிறுவனம். 1950களின் நடுவிலிருந்து அவர்களுடைய பதிவுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர் ரூடி வான் கெல்டர். தொழிலால் கண் பரிசோதகர். நியூ ஜேர்சியின் ஹக்கன்சாக்கில் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையைத்தான் முதலில் பதிவுக்கூடமாக வைத்திருந்தார். ‘புளூ டிரெய்ன்’ அங்கேதான் பதிவானது. 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்தமாக ஒரு கூடம் கட்டிய பிறகுதான் கண் பரிசோதனையை விட்டார். லேக்கரையும் அவரே வெட்டினார். வெட்டியதும் டெட் வாக்ஸில் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளான ‘ஆர்விஜி’யைப் போடுவார். முதலில் கையால் கீறினார், பிறகு முத்திரையாகக் குத்தினார், பின்னாளில் ‘வான் கெல்டர்’ என்று முழுப் பெயரும் வந்தது. இது இருந்தால் லேக்கர் அவர் வெட்டியது.

அதே வளையத்தில் இன்னொரு குறியும் தேட வேண்டும். அந்தக் காலத்தில் புளூ நோட்டுக்குத் தட்டு அச்சிட்டுக் கொடுத்தது பிளாஸ்டிலைட் என்ற தொழிற்சாலை. அவர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்தான ஆங்கில ‘பி’யைச் சுழித்து எழுதுவார்கள். பார்க்க ஒரு காது மாதிரி இருக்கும். சேகரிப்பவர்கள் அதைக் ‘காது’ என்றே சொல்வார்கள். விற்பவரிடம் “காது இருக்கிறதா?” என்று கேட்டால் அவருக்கு விளங்கும்.

அடுத்தது லேபிளில் உள்ள முகவரி. 1950களின் நடுவில் லெக்சிங்டன் அவெனியூ, பிறகு 47 மேற்கு 63ஆம் தெரு, 1960களின் தொடக்கத்திலிருந்து வெறுமனே ‘நியூயோர்க் யூஎஸ்ஏ’. 1965இல் லிபர்ட்டி என்ற பெரிய நிறுவனம் புளூ நோட்டை வாங்கியது. அதன்பின் லேபிளில் லிபர்ட்டியின் பெயரும் சேர்ந்தது.

பொறி இருப்பது இங்கேதான். லிபர்ட்டி வாங்கியபோது பழைய ‘நியூயோர்க் யூஎஸ்ஏ’ லேபிள்கள் அச்சடித்தபடியே குவிந்து கிடந்தன. வீசவா முடியும்? புதிய தட்டுகளிலும் அவற்றையே ஒட்டி முடித்தார்கள். ஆகவே லேபிளை மட்டும் பார்த்தால் 1963 தட்டும் 1967 தட்டும் ஒன்றுபோல இருக்கும். 1966இல் பிளாஸ்டிலைட்டில் அச்சிடுவது நின்றுவிட்டதால் பின்னையதில் காது இருக்காது. விலை வித்தியாசமோ பல மடங்கு.

இனி என் அபிப்பிராயம். காது இல்லாத ஆனால் ‘வான் கெல்டர்’ குறி உள்ள லிபர்ட்டி காலத் தட்டுகள்தான் கேட்பவருக்கு உண்மையான இலாபம். வான் கெல்டர் வெட்டிய லேக்கரிலிருந்து வந்தவை அவை. காதுக்குக் கொடுக்கும் மிகுதிப் பணம் சேகரிப்பு மோகத்துக்குக் கொடுப்பது. அதில் தப்பொன்றும் இல்லை, தெரிந்து கொடுத்தால் சரி.

மற்ற நிறுவனங்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தொடக்கத்தில் தேவையில்லை. அமெரிக்கக் கொலம்பியாவில் 1950களின் பிற்பாதி முதல் 1962 வரையான லேபிளில் ஓரத்தில் ஆறு கண் சின்னங்கள் இருக்கும், பிறகு வந்தவற்றில் இரண்டு. அவர்களுடைய டெட் வாக்ஸில் ‘1ஏ’, ‘1பி’ என்று வரும். ‘1ஏ’ என்றதும் முதல் வெட்டு என்று விலையை ஏற்றுவார்கள். ஆனால் ஒரே ஆல்பத்துக்குப் பல லேக்கர்களை ஒரே சமயத்தில் வெட்டி வெவ்வேறு ஊர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவது அந்த நிறுவனத்தின் வழக்கம். பின்னெழுத்துள்ள தட்டும் முதல் வாரத்திலேயே கடைக்குப் போயிருக்கலாம்.

நம் ஊர்க்காரருக்கு மட்டும் ஒரு குறிப்பு. வீட்டில் பழைய ‘கொலம்பியா’ தட்டுகள் இருக்கலாம், இரட்டை இசைக்குறி போட்ட தமிழ்த் திரைப்பாட்டுத் தட்டுகள். அந்தக் கொலம்பியா பிரித்தானிய ஈஎம்ஐ நிறுவனத்தின் பெயர். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் வாசித்த அமெரிக்கக் கொலம்பியா வேறு. அதனால்தான் மைல்ஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ பிரித்தானியாவில் கொலம்பியா பெயரில் வராமல் ஃபொன்டானா என்ற லேபிளில் வந்தது. ஃபொன்டானா என்று போட்டிருக்கிறதே, போலியாக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் அச்சே பிழையாக இருந்தால்?

‘கைண்ட் ஒஃப் புளூ’வைத் தொட்டதால் அதிலேயே கொஞ்சம் நிற்போம். முதல் அச்சுதான் எப்போதும் சிறந்தது என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

அந்த ஆல்பம் நியூயோர்க் 30ஆம் தெருவில் இருந்த கொலம்பியா பதிவுக்கூடத்தில் 1959 மார்ச் 2ஆம் திகதியும் ஏப்ரல் 22ஆம் திகதியும் பதிவாகி, ஓகஸ்டில் வெளியானது. முதல் நாள் எடுத்த மூன்று உருப்படிகள் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அன்று பிரதான நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைப் பிறகு சரியான வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும்? பாட்டு கொஞ்சம் விரையும், சுருதியும் கொஞ்சம் ஏறும். அந்தப் பிழையோடுதான் லேக்கர் வெட்டப்பட்டது. 1959இன் ஆறு கண் தட்டிலிருந்து முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுவதும் அப்படியேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று கூடவே ஓடிய இரண்டாவது இயந்திரத்தின் நாடாவை எடுத்து 1992இல் வந்த சீடி வெளியீட்டில்தான் இது முதன்முதலாகத் திருத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த மறுவெளியீடுகளில் பெரும்பாலானவற்றில் சுருதி சரி.

வீட்டில் கீபோர்டோ ஹார்மோனியமோ இருந்தால் நீங்களே பார்க்கலாம். முதல் உருப்படி ‘ஸோ வொட்’ தொடங்கும்போது போல் சேம்பர்ஸின் பேஸோடு சேர்த்து ஒரு சுரத்தைப் பிடியுங்கள். திருத்திய அச்சில் அது வந்து உட்காரும். பழைய அச்சில் கட்டைக்குக் கட்டை நடுவே ஒரு சங்கடமான இடத்தில் நிற்கும். நாதஸ்வரக் கச்சேரிகளில் வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும், தாளம் மட்டும் கேட்பவருக்குப் பிடிபடாமலும் போகலாம். சரி, அப்படியென்றால் பழைய ஆறு கண் தட்டு வீணா? அதில் சிம்பலும் ட்ரம்பெட்டும் ஒலிக்கும் பச்சைத்தன்மையைப் பலர் விரும்புகிறார்கள். டேர்ன்டேபிளில் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் வசதி இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் குறைத்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ‘கலைஞர் வாசித்தபடி’ வேண்டும் என்பவருக்கு இந்த ஒரு விஷயத்தில் மறுவெளியீடுதான் மூலத்துக்கு நெருக்கம்.

மறுவெளியீடுகளில் எதை நம்புவது

மறுவெளியீடு என்ற ஒரே பெயரில் மிக நல்லதும் மிக மோசமானதும் வருகின்றன. பார்க்க வேண்டியது எதிலிருந்து வெட்டினார்கள், யார் வெட்டினார்கள் என்ற இரண்டையும்தான். நல்ல நிறுவனம் இரண்டையும் பெருமையோடு அட்டையில் போடும். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று யோசியுங்கள்.

புளூ நோட் 2019இல் ‘டோன் பொயட்’ என்ற வரிசையைத் தொடங்கியது. ஜோ ஹார்லியின் மேற்பார்வையில், மூல நாடாவிலிருந்து கெவின் கிரே வெட்டுகிறார். அட்டை தடித்தது, விலையும் அப்படியே. அதே நிறுவனத்தின் ‘கிளாசிக் வினைல்’ வரிசை விலை குறைவு. அச்சாவது ஜேர்மனியில், அங்கும் பெரும்பாலும் கெவின் கிரேயின் கைதான். தொடங்குபவருக்கு இந்த இரண்டாவது வரிசையே தாராளம். பிரெஸ்டீஜ், ரிவர்சைட் போன்ற லேபிள்களின் ஆல்பங்களுக்கு 1982இல் ஃபன்டசி நிறுவனம் தொடங்கிய ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ வரிசை இருக்கிறது. 1980களில் மலிவாக விற்ற அந்தத் தட்டுகள் இன்றும் பழைய தட்டுக் கடைகளில் நியாயமான விலைக்கு வரும். அதே வரிசையை 2023இல் கிராஃப்ட் நிறுவனம் புதிய வெட்டோடு திரும்பத் தொடங்கியிருக்கிறது.

யப்பானிய அச்சுகளுக்குத் தனிப் பெயர் உண்டு. முதுகுப் பக்கம் ‘ஓபி’ என்ற கடதாசிப் பட்டி சுற்றியிருக்கும். வினைல் அவ்வளவு அமைதியானது, பாட்டுக்கு முன் ஊசி ஓடுவதே கேட்காது. 1970களின் பிற்பாதியிலும் 80களின் தொடக்கத்திலும் கிங் நிறுவனம் அங்கே புளூ நோட் ஆல்பங்களை அச்சிட்டது. அவை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து போன பிரதி நாடாக்களிலிருந்து வந்தவை என்பதால் ஒலியில் அமெரிக்க அச்சின் முரட்டுத்தனம் சற்றுக் குறையும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்களோடு வாதாட மாட்டேன்.

ஒதுங்கி நிற்க வேண்டிய வகை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே அங்கே யாரும் சட்டப்படி அவற்றைத் தட்டாகப் போடலாம். மூல நாடாவைத் தொடாமல், ஒரு சீடியை எடுத்து அப்படியே வெட்டி, புது அட்டையோடு ‘180 கிராம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். தட்டின் எடைக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சீடியையே கேட்டுவிட்டுப் போகலாம், காசு மிச்சம்.

டிஜிட்டல் கலந்தாலே ஒலி கெட்டுவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. மூல நாடாவிலிருந்தே வெட்டுகிறார்கள் என்று சேகரிப்பவர்கள் நம்பியிருந்த மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், இடையில் டிஜிட்டல் படி ஒன்றைப் பயன்படுத்தி வந்தது 2022இல் தெரிய வந்தது. ஆத்திரம், வழக்கு எல்லாம் நடந்தது. ஆனால் அதற்கு முதல் நாள் வரை அந்தத் தட்டுகளை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தவர்களின் காதுகளும் அதே காதுகள்தானே! ஆத்திரத்துக்குச் சரியான காரணம் ஒலி அல்ல, மறைத்தது. சில ஆல்பங்களுக்கு வேறு வழியே இல்லாமலும் போகலாம். 2008 ஜூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் ஏராளமான மூல நாடாக்கள் போயின. நாடா போன ஆல்பத்துக்குப் பழைய தட்டும் பிரதி நாடாவும் டிஜிட்டல் பிரதியும்தான் மிச்சம்.

வீட்டில் ஒப்பிடுவது

இரண்டு அச்சுகள் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க மனம் வராது. ஆனால் ஒழுங்காகச் செய்யாவிட்டால் விலை கூடியதுதான் நன்றாகக் கேட்கும்.

இரண்டு தட்டையும் முதலில் கழுவுங்கள். புதுத் தட்டிலும் தூசி இருக்கும். ஒலியளவைச் சமப்படுத்துவது அதைவிட முக்கியம். ஒரு அச்சு மற்றதைவிட உரக்க வெட்டப்பட்டிருக்கும், உரக்கக் கேட்பதெல்லாம் மனித மனதுக்கு நன்றாகவே கேட்கும். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, அதே இடத்தில் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு வரும்படி குமிழைத் திருப்புங்கள். இந்த ஒன்றைச் செய்ததும் பாதி ‘வித்தியாசங்கள்’ காணாமல் போய்விடும்.

ஆல்பம் முழுவதையும் ஒப்பிட வேண்டாம், ஓர் அரை நிமிடம் போதும். ‘ஸோ வொட்’டையே எடுங்கள். பியானோவும் பேஸும் பேசி முடித்து, மைல்ஸின் தனி வாசிப்புத் தொடங்கும் கணத்தில் ஜிமி கோப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி போடுவார். அந்த அடி பளீரென்று விழுந்து எவ்வளவு நேரம் காற்றில் நின்று அடங்குகிறது என்று கேளுங்கள். தேய்ந்த தட்டில் அது சட்டியில் மணல் கொட்டிய சத்தத்தோடு நின்றுவிடும். நல்ல அச்சில் மைல்ஸ் இரண்டு சொற்றொடர் வாசித்த பிறகும் அதன் வால் கேட்கும். அப்புறம் பேஸ். தந்தியை விரல் இழுத்து விடும் சத்தம் தனியாகவும் அதன் பின்னால் எழும் சுரம் தனியாகவும் தெரிகிறதா, அல்லது எல்லாம் சேர்ந்து ஒரே ‘டும்’தானா? பிறகு அதே பக்கத்தின் கடைசி உருப்படிக்குப் போங்கள், ட்ரம்பெட் கரகரக்கிறதா என்று பாருங்கள். உள்வட்டத்தின் பிரச்சினை, தேய்மானம் இரண்டும் அங்கேதான் வெளியே வரும்.

முடிந்தால் தட்டை வேறு ஒருவர் மாற்றட்டும், நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை மருமகனுக்கு. “மாமா, இப்ப ஓடுறது பழசோ புதுசோ, சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பான். பெருமைக்கு நல்லதல்ல, பணப்பைக்கு மிக நல்லது.

இடம் வலம் என்று பிரிக்காமல் ஒலி ஒரே தடமாக இருக்கும் மோனோ தட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1958க்கு முன் வந்த ஜாஸ் எல்பிகள் ஏறக்குறைய எல்லாமே மோனோ. மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசியோ மேலும் கீழுமான அசைவையும் எடுக்கும், அதில் வருவது வெறும் தூசிச் சத்தம். அம்பிளிஃபையரில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள். கரகரப்பு சட்டெனக் குறைந்து கலைஞர்கள் நடுவில் வந்து நிற்பார்கள். பழைய தட்டு சத்தம் போடுகிறது என்று குறை சொல்வதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

உப்புக் காற்றும் தட்டும்

இங்கே தட்டுக்கு எதிரிகள் இரண்டு பேர். வைகாசி தொடக்கம் வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் வெக்கை. மாரியில் ஈரம். வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை விட்டுவிட்டு உட்துறைமுக வீதியில் ஒரு நடை போய் வந்தீர்களானால் திரும்பி வரும்போது தட்டு அப்பளம். வீட்டிலும் மேற்குச் சுவரோரம் வைக்க வேண்டாம். அடுக்கிப் படுக்க வைக்காமல், புத்தகம்போல நேராக நிற்க வைக்க வேண்டும். சாய்ந்து நின்றாலும் வளையும்.

மாரியில் அட்டையில் பூஞ்சணம் பிடிக்கும், கடதாசி உறையைப் பூச்சி அரிக்கும். கடதாசி உள்ளுறைகளை எடுத்துவிட்டு மெல்லிய பொலித்தீன் உள்ளுறை போடுங்கள். தடித்த, கண்ணாடிபோன்ற பிவிசி உறை வேண்டாம். சூட்டில் அது தட்டோடு வினைபுரிந்து மங்கலான படலம் விடும், அது கழுவினாலும் போகாது. கழுவ வடித்த நீரில் ஒரு துளி சவர்க்காரத் திரவம், மிருதுவான துணி. ஐசோபுரொப்பைல் அல்ககோல் கொஞ்சம் கலக்கலாம், ஆனால் வினைலுக்கு மட்டும். பழைய 78 சுற்று வேகத் தட்டுகள் அரக்கால் ஆனவை, அல்ககோல் பட்டால் கரைந்துவிடும். தாத்தாவின் நாதஸ்வரத் தட்டில் அதைப் பரீட்சிக்காதீர்கள். உப்புக் காற்று தட்டை ஒன்றும் செய்யாது. கறல் பிடிப்பது ஊசியைத் தாங்கும் காட்ரிஜின் பின்னால் உள்ள சிறு உலோகக் கால்களில். ஒரு பக்கம் ஒலி விட்டு விட்டு வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

வாங்கும்போது

தட்டின் நிலையைக் குறிக்க விற்பவர்கள் மின்ட், நியர் மின்ட், விஜி (வெரி குட்) பிளஸ், விஜி என்று மேலிருந்து கீழாகத் தரம் போடுவார்கள். ஜாஸுக்கு விஜி பிளஸுக்குக் கீழே இறங்காதீர்கள். ரொக் இசையில் கீறல் சத்தம் அமுங்கிவிடும். பியானோ தனியாக வாசிக்கும் இடத்தில் ஒவ்வொரு ‘டிக்’கும் கேட்கும். பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் தரம் போடுகிறார்கள், கேட்டுப் போடுவதில்லை. அந்தக் காலத்துப் பாரமான ஊசி தேய்த்த பள்ளம் கண்ணுக்குப் பளபளப்பாகவே தெரியும். ஆகவே “போட்டுக் கேட்டீர்களா, உள்வட்டத்தில் கரகரப்பு உண்டா?” என்று எழுதிக் கேளுங்கள்.

இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்கொக்ஸ் இணையத்தளத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பக்கம் உண்டு. டெட் வாக்ஸ் எழுத்துகளும் அங்கே இருக்கும். விற்பவரிடம் இரண்டு பக்க லேபிளின் படமும் டெட் வாக்ஸின் படமும் கேட்டு, அந்தப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். படம் தர மறுப்பவரிடம் விலை கூடிய தட்டு வாங்க வேண்டாம்.

முதல் தட்டுகளாக எதை வாங்குவது? நிறைய விற்ற ஆல்பங்களை. டேவ் புரூபெக் குவார்டெட்டின் ‘டைம் அவுட்’ 1959இல் வந்து பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. அதனால் ஆறு கண் லேபிளோடு நல்ல நிலையில் உள்ள பிரதிகூட எட்டும் விலைக்குக் கிடைக்கும். அதையும் அதன் புதிய மறுவெளியீடு ஒன்றையும் வாங்கினால் மேலே சொன்ன ஒப்பீடு முழுவதையும் சிக்கனமாகச் செய்து பார்க்கலாம். காதுள்ள புளூ நோட்டைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அனுப்பும்போது தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, உள்ளுறையோடு தனியாக, அட்டையின் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லி எழுதுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் விழும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழிக்கும். கொழும்பில் இறங்கி, தரம் பிரித்து, திருகோணமலை வந்து சேர்வதற்குள் குலுக்கலுக்குக் குறைவிருக்காது.